நானூற்றுப் பதினொன்றில் படுத்துக்கொண்ட கம்ப்யூட்டர்

கீழக்குயில்குடி தவசிக்கு ஒன்றே கால் ஏக்கர் வாழையும், கோடையிலும் வற்றாத ஒரு கிணறும் இருந்தன. கிணற்றுத் தண்ணீரை வாழைக்குக் கொண்டுபோகத்தான் வழியில்லை. டீசல் எஞ்சின் மாட்டுப் பொங்கலன்று கிராங்க் உடைந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்து எஞ்சினை வாரத்துக்கு ஒரு நாள் இரவல் வாங்கி இறைத்துக்கொண்டிருந்தார். வாழையோ குலை தள்ளுகிற பருவத்தில் நின்றது.

மோட்டாருக்குக் கரண்ட் கேட்டு அவர் மனுப் போட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த கிணற்றுப் பாசன மின் முன்னுரிமை அலுவலகத்தில் அவருடைய வரிசை எண் நானூற்றுப் பதினேழு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பட்டியல் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் முதல் ஐந்நூறு பேருக்கு இந்த வருஷமே கரண்ட். போய்ச் சேராவிட்டால் பட்டியல் காலாவதி. எல்லாரும் புதிதாக மனு எழுதி முதலிலிருந்து நிற்க வேண்டும். இன்னொரு ஒன்பது வருஷத்துக்கு வாழையும் காத்திருக்காது, தவசியின் மனைவி ஒச்சாயியும் காத்திருக்க மாட்டாள். பட்டியலைக் கையோடு பார்த்துவிட்டு வரும்படி அவள்தான் எண்பத்தொன்பதாம் வருஷம் மாசி முதல் வாரத்தில் அவரைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

அலுவலகத்தில் முதலில் அவர் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். காலைக் கழுவச் சொன்னார்கள். கழுவினார். உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். சாமி கும்பிடப் போகிற பயபக்தியோடு கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அந்தக் கட்டடத்திலேயே அந்த ஓர் அறைக்குத்தான் ஏர்கண்டிஷன். ஊதா நிறப் பட்டுத்துணி போர்த்தி, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு ஒரு பெட்டி மேஜையில் இருந்தது. பக்கத்தில் செல்லக்கிளி என்ற பெண் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள். டைப்பிஸ்ட்டாக வேலைக்கு வந்தவளை, விரல் வேகமாகப் போகிறது என்று கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள்.

பட்டியல் என்னாச்சு என்று தவசி கேட்டதும் அந்தப் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். புதிதாக வேலைக்கு வந்தவள், பாவம்.

“இது பட்டியலை மொத்தமா மனசுல வாங்கிக்கிட்டுத்தான் அச்சடிக்கும்ண்ணே. மொதல்ல நானூறு பேருதான், தாங்குச்சு. இப்பக் கோச்சடைப் பக்கமெல்லாம் சேர்ந்து அறுநூத்தி நாப்பது ஆயிருச்சு. அதான் தை மாசம் புதுசா மெமரி கார்டு ஒண்ணு வாங்கிப் போட்டாங்க. போட்டதுல இருந்து நானூத்திப் பதினொண்ணாவது பேரு வந்ததும் பொசுக்குனு படுத்துக்கிருது.”

தவசி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். தனக்கும் கரண்டுக்கும் நடுவே ஆறே ஆறு பேர். ஒன்பது வருஷம் நின்றவருக்கு ஆறு பேர் ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பழைய மாதிரி கையால் எழுதிவிடலாமே என்று கேட்டார். கம்ப்யூட்டர் வந்த பிறகு கையெழுத்துப் பட்டியல் செல்லாது என்றும், பழைய ரிஜிஸ்தர்களை எடைக்குப் போட்டாயிற்று என்றும் பதில் வந்தது. அப்படியானால் நானூற்றுப் பதினொன்று வரை ஒன்றாகவும் மிச்சத்தைத் தனியாகவும் அடிக்கலாமே என்றார். ஒரு பட்டியலுக்கு ஒரு முத்திரைதான் உண்டு என்றார்கள். இரண்டாவது முத்திரை செய்ய ஆர்டர் வேண்டும். ஆர்டர் கேட்டு எழுதும் கடிதத்தையும் கம்ப்யூட்டரில்தான் அடிக்க வேண்டுமாம்.

இங்கே ஸ்டோர் கிளார்க் முத்திருளனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அந்த அலுவலகத்துக்குள் வரும் எந்தப் பொருளும் அவர் கையால் எண் எழுதப்படாமல் பொருளாக ஆவதில்லை. ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டும் மூன்று முடி மிச்சமிருந்த ஒரு பிரஷும் வைத்திருந்தார். நாற்காலி, மின்விசிறி, குப்பைக்கூடை, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் முத்து முத்தாக எண் இருந்தது. தண்ணீர்ப் பானை இரண்டு வருஷத்துக்கு முன்பே உடைந்துவிட்டது. எண் எழுதிய ஓட்டுத் துண்டை மட்டும் அவர் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். வருஷா வருஷம் சரிபார்க்க வரும் அதிகாரி ஓட்டைப் பார்த்து, பானை இருக்கிறது என்று டிக் அடித்துவிட்டுப் போவார். பானை இருப்பதால் புதுப் பானை வாங்க வழியில்லை. ஊழியர்கள் எதிர்த்த டீக்கடையில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள்.

கம்ப்யூட்டர் படுப்பதற்கான காரணத்தைச் சிறப்பு அலுவலர் மருது தாமே முன்னின்று ஆராய்ந்தார். முதல் காரணம் செருப்பு என்று முடிவானது. செருப்பைத் தடை செய்தும் அது படுத்தது. இரண்டாவது காரணம் பெயர்களின் நீளம். சின்னக்கருப்பன், உக்கிரபாண்டி என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு மனுப் போட்டால் எந்த மிஷின்தான் தாங்கும் என்று மருது சார் வருத்தப்பட்டாராம். ஒரு சுற்றறிக்கை போட்டு, எல்லாப் பெயரையும் மூன்று எழுத்தாக வெட்டினார்கள். தவசிக்கு அதில் நஷ்டமில்லை. ‘தவசி’ மூன்றே எழுத்து. அப்பா பெயர் வைத்த நேரம் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் பட்டியலில் முப்பத்தெட்டு ‘கருப்’ ஆகிவிட்டது. யார் எந்தக் கருப் என்று தெரியாமல் பத்து நாள் அடிதடி நடந்து, பெயர்களைத் திரும்ப நீட்டினார்கள். நானூற்றுப் பதினொன்றில் அது மறுபடியும் படுத்தது.

அதன்பிறகு கம்ப்யூட்டருக்கு மெமோ கொடுத்தார்கள். பணி நேரத்தில் முன் அனுமதியின்றிப் படுத்துக்கொண்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். மெமோவை அதன் நெற்றியில், குங்குமத்துக்குக் கீழே ஒட்டினார்கள். அதன் சார்பில் விளக்கம் எழுதும் பொறுப்பு செல்லக்கிளிக்கு வந்தது. அவள் விளக்கத்தையும் பட்டியலுக்குப் பின்னால் சேர்த்து அடிக்கப் போக, விளக்கத்துக்கு வருவதற்கு முன்பே அது படுத்துவிட்டது. ‘விளக்கம் பெறப்படவில்லை, மௌனம் ஒப்புதலாகக் கொள்ளப்படுகிறது’ என்று மருது சார் குறிப்பெழுதினார்.

கம்பெனி இன்ஜினியர் ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்தார். மூடியைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொன்னதும் அலுவலகம் முழுக்க ஒரு சங்கடம் பரவியது. புது கார்டை மாட்டிய அன்றைக்கே முத்திருளன் மூடிக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டார். அதை உடைக்க மூன்று கையெழுத்து வேண்டும். மூன்றாமவர் மகப்பேறு விடுப்பில் உசிலம்பட்டிக்குப் போயிருந்தார். இன்ஜினியர் மூடிய பெட்டியை நாலு பக்கமும் சுற்றி வந்தார், இரண்டு டீ குடித்தார், ‘பார்த்தவரையில் பழுதில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குக் கிளம்பினார். பெட்டி படுக்கும்போது திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வருமே, அதற்கு அர்த்தம் கம்பெனி புத்தகத்தில் இருக்கும் என்று போகும்போது சொன்னார். புத்தகம் முத்திருளனின் பீரோவில் இருந்தது. அதற்கு இன்னும் எண் எழுதவில்லை. எண் எழுதாத புத்தகத்தை எப்படி வெளியே கொடுப்பது? நியாயம்தானே.

பங்குனி பிறந்துவிட்டது. தவசியின் தோட்டத்தில் கிழக்கு வரிசை வாழைகள் குலையோடு ஒடிந்து விழ ஆரம்பித்தன. முட்டுக்கொடுத்துப் பார்த்தார்; வேரில் ஈரமில்லாத மரம் முட்டுக்கம்பையும் சேர்த்துக்கொண்டு சாய்ந்தது. ஒச்சாயி விழுந்த குலைகளைக் கொண்டுவந்து வாசலில் வரிசையாகக் கிடத்தினாள். பிஞ்சு விடாத குலைகள். அவர் அலுவலகத்துக்குப் போக வர அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் விதிப்படி ஓர் ஆய்வுக் குழு அமைத்தார்கள். குழுவில் பயனாளி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. தினமும் வந்து வராந்தாவில் குந்தியிருந்த தவசியையே பயனாளி உறுப்பினராகப் போட்டார்கள். பயன் இன்னும் வரவில்லையே என்று அவர் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. நாற்காலி கொடுத்தார்கள். முதுகில் எண் எழுதிய நாற்காலி. மருது சார் எழுந்து குழுவின் நோக்கத்தை விளக்கினார்.

“பழுது எங்கே இருக்கிறது என்று தேடினால், யாரால் வந்தது என்ற கேள்வி வரும். யாரால் என்று வந்தால் நம்மில் ஒருவர் பெயர் வரும். எனவே இந்தக் குழு பழுதைத் தேடாது. அதன் காரணத்தை மட்டும் ஆராயும்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். தவசிக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதி பயமாக இருந்தது. இருந்தாலும் வாசலில் கிடந்த குலைகள் ஞாபகத்துக்கு வர, எழுந்து கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

“ஐயா, எங்க பக்கம் எஞ்சின் நின்னுச்சுன்னா, கடைசியா எதுல கை வச்சோம்னுதான் மொதல்ல பாப்போம். இதுல கடைசியா அந்த அட்டையைத்தானே மாட்டுனீங்க? அதைக் கழத்திப் பாத்துட்டா என்ன?”

முத்திருளன் கூரையைப் பார்த்தார். செல்லக்கிளி சால்வைக்குள் சிரித்தாள். பயனாளி உறுப்பினரின் கருத்து வரவேற்கப்படுகிறது, ஆனால் குறிப்பில் சேர்க்கப்படாது என்று மருது சார் அறிவித்தார். பிறகு எல்லாருக்கும் வடை வந்தது. தவசி தன் வடையைக் காகிதத்தில் மடித்து ஒச்சாயிக்கு எடுத்துப் போனார். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுதான் கரண்டா என்று கேட்டாள்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி, சரக்குச் சரிபார்க்கும் அதிகாரி விருமாண்டி வந்து சேர்ந்தார். உயரமான மனிதர். யாரோடும் பேசமாட்டார், எண்ணோடு மட்டும்தான் பேசுவார். நாற்காலி, விசிறி, கூடை, பானை ஓடு எல்லாம் டிக் ஆயிற்று. கம்ப்யூட்டருக்கு வந்தார். வெளியே எண் இருந்தது. உள்ளே ஒரு மெமரி கார்டு இருப்பதாக ரிஜிஸ்தர் சொல்கிறதே, அதன் எண்ணை எங்கே பார்ப்பது என்று கேட்டார். மூடிக்கு முத்திரை இருப்பதாக முத்திருளன் சொன்னார். எண்ணைப் பார்க்க எந்த முத்திரையையும் உடைக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று சொல்லி, விருமாண்டி பேனாக்கத்தியால் அரக்கைப் பெயர்த்தார். இரண்டு மாதமாக யாராலும் திறக்க முடியாத மூடி இரண்டு நிமிஷத்தில் திறந்தது.

பயனாளி உறுப்பினர் என்ற முறையில் தவசியும் எட்டிப் பார்த்தார். உள்ளே பச்சை நிறத்தில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஓர் அட்டை செருகியிருந்தது. முத்திருளன் அதைப் பெருமையோடு உருவிக் காட்டினார். அடிவிளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல். மேலே வெள்ளைப் பெயிண்டில் முத்து முத்தான எழுத்து: கி.பா.மி.மு.அ./ஆரப்./கம்ப்./மெமரி/1/88-89. எண் நீளம், அட்டை குட்டை. ‘மெமரி’ வரைக்கும் ஒரே வரியில் போய், இடம் போதாமல் அதன்பிறகு அடுத்த வரிக்கு இறங்கி, ‘88-89’ முழுசும் பல்லின் மேல் உட்கார்ந்திருந்தது.

விருமாண்டி வாய்விட்டு ஒருமுறை படித்தார். எழுத்து எழுத்தாக ரிஜிஸ்தரோடு ஒப்பிட்டார். சரி என்று டிக் அடித்தார். கையெழுத்து நல்லாயிருக்கிறது என்று முத்திருளனைப் பாராட்டவும் செய்தார். முத்திருளனுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அட்டையைத் திரும்பச் செருகினார். எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். முத்திருளன் புது அரக்கும் மெழுகுவர்த்தியும் வாங்கக் கடைக்குப் போனார்.

அறையில் தவசியும் செல்லக்கிளியும் மட்டும் இருந்தார்கள். தவசி பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் கரண்ட் கிடையாது. ஆனால் முப்பது வருஷமாக டார்ச் லைட் வைத்திருக்கிறார்.

“தாயி, பேட்டரிக் கட்டையில களிம்பு பிடிச்சாலே டார்ச்சு எரியாது. இதுல பெயிண்டே அடிச்சிருக்காரேம்மா. பெயிண்டு மேல எப்பிடிக் கரண்ட் போகும்?”

செல்லக்கிளி எழுந்து வந்து பார்த்தாள். சால்வை நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. தவசி மடியிலிருந்து பிளேடை எடுத்தார். பல் தேய்ந்துவிடும் என்று அவள் தடுத்து, மேஜை டிராயரிலிருந்து டைப்பிஸ்ட்டுகள் வைத்திருக்கும் கரகரப்பான ரப்பர் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சுவிட்சை அணைத்து, அட்டையை அவளே உருவினாள். அவர் அட்டையைத் துண்டால் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டிக்கு உண்ணி எடுக்கிற பதனத்தோடு தேய்த்தார். மூன்று நிமிஷத்தில் ‘88-89’ வெள்ளைத் தூளாக மேஜையில் உதிர்ந்தது. அவள் ஊதிவிட்டாள். செருகி மூடியை வைத்தபோது படியில் முத்திருளனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் வந்து எதையும் கவனிக்காமல், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்.

மாலை நான்கு மணிக்குப் பட்டியல் ஓட்டினார்கள். அலுவலகமே கண்ணாடிக்கு வெளியே கூடி நின்றது. நானூற்றொன்பது, நானூற்றுப் பத்து, நானூற்றுப் பதினொன்று. தவசி கண்ணை மூடிக்கொண்டார். அச்சு ஊசியின் கீச்சொலி நிற்கவில்லை. நானூற்றுப் பதினேழு, தவசி, கீழக்குயில்குடி என்று செல்லக்கிளி உரக்கப் படித்தாள். அது அறுநூற்று நாற்பது வரை ஒரே மூச்சில் ஓடி முடித்தது. தவசி அங்கேயே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஒன்பது வருஷத்து அழுகை, கொஞ்ச நேரம் ஆனது.

மருது சார் அன்றைக்கே கூட்டம் போட்டார்.

“இந்த இயந்திரம் இருபத்தேழு முறை படுத்தது. இருபத்தேழு முறையும் நாம் முறைப்படி குறிப்பெழுதினோம். நம்மில் ஒருவர்கூட அதன்மேல் கை வைக்கவில்லை. அந்தப் பொறுமைக்குக் கிடைத்த வெற்றி இது.”

கைதட்டினார்கள். பயனாளி உறுப்பினர் என்ற முறையில் தவசியும் தட்டினார். உள்ளங்கையில் வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. பட்டியல் மறுநாளே மேலிடத்துக்குப் போனது. கிளம்பும்போது செல்லக்கிளி அந்த ரப்பரை அவரிடமே கொடுத்துவிட்டாள். அதில் எண் எழுதவில்லை. அதனால் அது அலுவலகத்துப் பொருள் இல்லை என்றாள்.

ஆனி மாதம் சமணமலை ஓரமாகக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, தவசியின் மோட்டார் ரூமுக்குக் கரண்ட் வந்தது. அதற்குள் முந்நூறு வாழை போயிருந்தது. போனது போனதுதான், மிச்சமிருக்கிற எழுநூறு மரத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்று ஒச்சாயி மடை கட்டி, மண்வெட்டியோடு தயாராக நின்றாள். சுவிட்சைப் போடப் போகிற நேரம், வரப்பில் ஓர் உருவம் வந்தது. கையில் பெயிண்ட் டப்பா.

முத்திருளன்தான். புதிதாகக் கொடுக்கும் எல்லா இணைப்பிலும் அலுவலகத்து எண்ணை எழுத வேண்டும் என்று உத்தரவாம். தவசி அவசர அவசரமாக ஓர் அகலப் பலகையை எடுத்துவந்து நீட்டினார்.

“இதுல எழுதுங்கண்ணே. எம்புட்டு நீளமா வேணும்னாலும் எழுதுங்க. நான் செவத்துல ஆணி அடிச்சு மாட்டிக்கிறேன்.”

முத்திருளன் பரிதாபமாகச் சிரித்தார். பலகையில் எழுதினால் பலகைதான் அரசுச் சொத்தாகும், கரண்ட் ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். பீங்கான் ஃபியூஸ் கட்டையை உருவி, மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி முத்து முத்தாக எழுதத் தொடங்கினார். எண் நீளம், கட்டை குட்டை. வருஷம் செம்புப் பல்லின் மேல் போய் முடிந்தது. ஊதிக் காயவைத்து, திரும்பச் செருகிவிட்டு, இளநீர் குடித்தார். தவசி சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடவில்லை. புது மோட்டார்தானே, பழக நாளாகும் என்று முத்திருளன் ஆறுதல் சொன்னார்.

போகும்போது ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட்டுப் போனார். மிச்சப் பேரோடு புது மனுக்காரர்களையும் சேர்த்து அறுநூறு பேருக்கு இரண்டாம் பட்டியல் அடிக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரை ஒருமுறை சரிபார்க்க நினைத்தார்களாம். மகப்பேறு விடுப்பில் போனவர் திரும்பி வந்ததும் மூன்று கையெழுத்தும் சேர்ந்து, மூடியைத் திறந்து பார்த்தார்களாம். எண்ணில் வருஷத்தைக் காணோம். நல்லவேளை, அன்றைக்கே எழுதிவிட்டேன், இந்தத் தடவை அழியாதபடி மூன்று பூச்சு என்றார். ஆனால் அன்றையிலிருந்து அது மறுபடியும் படுத்துக்கொள்கிறதாம். புதுக் குழுவில் கோச்சடை சின்னான் என்பவரைப் பயனாளி உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள், அந்த ஆள் தினமும் வந்து வராந்தாவில் குந்தியிருக்கிறான் என்றும் சொன்னார்.

அவர் தலை வரப்பைத் தாண்டி மறையும்வரை தவசி கும்பிட்ட கையோடு நின்றார். பிறகு மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையை உருவி, மடியிலிருந்து ரப்பரை எடுத்துத் தேய்த்தார். திரும்பச் செருகிப் போட்டதும் மோட்டார் உறுமியது. குழாய் ஒருமுறை காற்றைக் கக்கிவிட்டு, கை கனத்துக்குத் தண்ணீரைக் கொட்டியது. ஒச்சாயி ஓடிப்போய் முதல் மடையைத் திறந்தாள். சேலை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தண்ணீரின் கூடவே கடைசி வரிசை வரைக்கும் நடந்தாள்.

தவசி வாய்க்காலில் இறங்கிக் கால் நனைய நின்றார். பிறகு கதிரறுவாளை எடுத்து, ரப்பரைப் பாதியாக அறுத்தார். ஒரு பாதியை ஃபியூஸ் பெட்டிக்கு மேல் வைத்தார். மறு பாதியைத் துண்டில் முடிந்துகொண்டார்.

“இப்பத்தானே தண்ணி வந்துருக்கு, எங்க கெளம்பிட்டீக?” என்று ஒச்சாயி தோட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள்.

“ஆரப்பாளையம் வரைக்கும். அங்க கோச்சடைக்காரர் ஒருத்தர் செருப்பைக் கழத்திப் போட்டுட்டு உக்காந்திருக்காராம். பாத்துட்டு வாரேன்.”